தம்பியின் ஸ்டெம் செல் பொருந்திவிட்டால் போதுமா?

"டாக்டர், தம்பியோடது மேட்ச் ஆயிடுச்சு. இனிமே பிரச்சினை இல்லையே?"

ரத்தப் புற்றுநோய்ப் பிரிவின் வெளிநோயாளி வரிசையில் இரண்டு நாள் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது. கேட்பவர் பெரும்பாலும் நோயாளியின் கணவர் அல்லது மூத்த மகன். கையில் வீங்கிப்போன பிளாஸ்டிக் ஃபைல். டாக்டரோ சட்டென்று "ஆமா" என்று சொல்லிவிடுவதில்லை. "உட்காருங்க, பேசுவோம்" என்கிறார். வந்தவர்களுக்கு வயிற்றைப் பிசைகிறது. பொருந்திவிட்டது என்பது நல்ல சேதிதானே, இதில் உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஓர் உதாரணத்துக்கு ஐம்பத்திரண்டு வயது அக்கா ஒருவரை வைத்துக்கொள்வோம். மல்டிபிள் மைலோமா என்று தெரியவந்து ஊசியும் மாத்திரையுமாகச் சில மாதங்கள் ஓடின. பிறகு அவருடைய சொந்த ஸ்டெம் செல்லையே, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச்செல்லையே, எடுத்து வைத்துத் திரும்பச் செலுத்தினார்கள். பதினான்கு மாதம் நன்றாக இருந்தார். இப்போது ரிப்போர்ட்டில் எண்கள் மறுபடி ஏறுகின்றன. உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். அதில் தம்பி பொருந்துகிறார்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்த அணுக்கள் பிறக்கும் இடம். அங்கே பிளாஸ்மா செல் என்று ஒரு வகை உண்டு. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைச் சுரப்பது அதன் வேலை. ஒவ்வொரு பிளாஸ்மா செல் குடும்பமும் ஒவ்வொரு வகை ஆன்டிபாடியைச் செய்யும். அந்தக் குடும்பங்களில் ஒன்று மட்டும் தறிகெட்டுப் பெருகினால் அது மைலோமா. பெருகிய அத்தனையும் ஒரே அச்சில் வார்த்த ஒரே புரதத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். யாருக்கும் பயன்படாத புரதம்.

அக்காவின் ஃபைலில் எலெக்ட்ரோஃபோரசிஸ் என்று ஒரு தாள் இருக்கும். ரத்தத்தில் உள்ள புரதங்களைக் கோடாக வரைந்த படம். இயல்பான ரத்தம் என்றால் வலது ஓரத்தில் கோடு குன்றுபோலத் தாழ்ந்து பரந்திருக்கும். மைலோமாக்காரர்களுக்கு அதே இடத்தில் ஊசிக் கோபுரம்போல ஒரு முனை எழுந்து நிற்கும். எம் ஸ்பைக் என்பது அதுதான். சிகிச்சையில் அந்தக் கோபுரம் கரைந்து காணாமல்போயிருந்தது. இப்போது சின்னதாக மறுபடி எட்டிப்பார்க்கிறது.

இந்த நோய் எலும்பை அரிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தசோகை தரும், ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். முதுகுவலி என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துவிட்டுக் கடைசியில் இங்கே வந்து சேருபவர்கள் ஏராளம். அந்தக் கதையை இன்னொரு நாள் பார்ப்போம்.

இனி முக்கியமான இடம். அக்காவுக்கு முதலில் செய்த "ஸ்டெம் செல் மாற்று"க்கும், இப்போது பேசப்படும் தம்பியின் ஸ்டெம் செல் மாற்றுக்கும் பெயர்தான் ஒன்று. வேலை செய்யும் விதம் வேறு.

முதலாவதில் உண்மையான மருந்து ஸ்டெம் செல் கிடையாது. மெல்ஃபலான்தான் மருந்து. முதல் உலகப்போரில் பயன்பட்ட கடுகு வாயுவின் வேதியியல் வழித்தோன்றல் அது. 1983-ல் லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் டிம் மெக்எல்வைன், ரே பவுல்ஸ் இருவரும் இந்த மருந்தை உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 140 மில்லிகிராம் என்ற பெரிய அளவில் கொடுத்தார்கள். சிலருக்கு மைலோமாவின் தடயமே தெரியாமல் போயிற்று. ஆனால் மஜ்ஜையும் கூடவே சுருண்டு விழுந்தது, எழுந்திருக்க வாரக்கணக்கில் ஆயிற்று. நோயாளியின் ஸ்டெம் செல்லை முன்கூட்டியே எடுத்துப் பத்திரப்படுத்தி, மருந்து ஓய்ந்தபின் திரும்பக் கொடுத்தால் என்ன என்ற வழி பிடிபட்டபிறகு அளவை 200 வரை ஏற்ற முடிந்தது. இன்றும் வழக்கமான அளவு அதுதான்.

மெல்ஃபலான் ஏறும் அன்று வார்டில் ஒரு வேடிக்கை நடக்கும். மருந்து இறங்குவதற்குச் சற்று முன்னிருந்து முடிந்து கொஞ்ச நேரம் வரை நோயாளி வாயில் ஐஸ் துண்டுகளைச் சப்பிக்கொண்டே இருக்க வேண்டும். "சளி பிடிச்சுக்காதா?" என்று கூட இருக்கும் அம்மாக்கள் பதறுவார்கள். குளிரில் வாயின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், மருந்து அங்கே குறைவாகப் போகும், வாய்ப்புண் குறையும். நவீன மருத்துவத்தில் ஐஸ்கட்டிக்கும் ஒரு இடம் உண்டு என்பதில் எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம்.

கோரை மண்டிய வயலை நினைத்துக்கொள்ளுங்கள். பயிரும் சேர்ந்து கருகும் அளவுக்கு மருந்தடிக்கிறோம். முன்பே எடுத்துவைத்த விதைநெல்லைப் பிறகு விதைக்கிறோம். களையைக் கொன்றது மருந்து. விதைநெல் வயலை மீட்டது, அவ்வளவுதான். மண்ணுக்கடியில் ஒரு கோரைக்கிழங்கு தப்பியிருந்தாலும் அது திரும்ப முளைக்கும். எடுத்துவைத்த விதையிலேயே நாலு களைவிதை கலந்திருக்கவும் கூடும். அக்காவுக்கு நடந்தது இதுதான்.

தம்பியின் செல்லுக்கு வந்தால் இந்த வயல் உவமை உதவாது. விதை எழுந்துபோய்க் களையைத் தேடிக் கொல்வதில்லையே. கொடையாளரின் செல்கள் கொல்லும்.

தம்பியிடமிருந்து வருவது ரத்தம் உண்டாக்கும் செல்கள் மட்டுமில்லை, அவருடைய நோய் எதிர்ப்புப் படையே வருகிறது. குறிப்பாக டி செல்கள். உடம்பில் தன்னுடையது எது, அந்நியம் எது என்று பார்த்து, அந்நியத்தை அழிப்பவை இவை. அக்காவின் டி செல்களுக்கு மைலோமா செல் ரொம்ப நாள் பழகிய முகம், கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டன. தம்பியின் டி செல்களுக்கு அது புது முகம். பாய்ந்து தாக்கும். ஆக, இங்கே செலுத்தப்படும் செல்லே மருந்து. அது உடம்பில் நிலைத்திருக்கும்வரை மருந்தும் உள்ளே இருக்கிறது.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. 1996-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். கொடையாளர் ஸ்டெம் செல் பெற்றபிறகும் அவருக்கு மைலோமா திரும்பிவிட்டது. அதே கொடையாளரின் லிம்போசைட்டுகளை, அதாவது டி செல்கள் அடங்கிய வெள்ளையணுக்களை மட்டும் மறுபடி செலுத்தினார்கள். நோய் பின்வாங்கியது. வேலை செய்தது கொடையாளரின் படைதான் என்பது அங்கே கையும் களவுமாகப் பிடிபட்டது.

இதையே எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். கேத்தி ஜூஸ்டி என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு 1996-ல், முப்பத்தேழு வயதில் மைலோமா வந்தது. மைலோமா ஆராய்ச்சிக்காகப் பெரிய அறக்கட்டளை ஒன்றை நிறுவியவர் அவர். 2006-ல் தம் அச்சு இரட்டைச் சகோதரியின் ஸ்டெம் செல்லைப் பெற்றார். அச்சு இரட்டையர் என்றால் மரபணு ஒன்றே. புது செல்களுக்கு அந்த உடம்பில் எதுவும் அந்நியமாகத் தெரியாது. களைவிதை கலக்காத சுத்தமான விதைநெல் கிடைத்ததுதான் அதில் பெரிய லாபம், வேற்றாள் படை தரும் தாக்குதல் கிடைக்காது. பொருத்தம் கூடக்கூட ஆபத்து குறையும், ஆனால் நோயைத் தாக்கும் வேகமும் குறையும். தம்பி அந்த அளவு ஒன்றானவர் இல்லை. பொருந்துகிறார், ஆனாலும் வேற்றாள்.

அந்த வேற்றாள்தன்மைதான் டாக்டரை "உட்காருங்க" என்று சொல்லவைக்கிறது. தம்பியின் டி செல்லுக்கு மைலோமா செல் மட்டுமா அந்நியம்? அக்காவின் தோலும் குடலும் கல்லீரலும்கூட அந்நியம்தான். அவற்றையும் தாக்கத் தொடங்கினால் அதற்கு ஜி.வி.ஹெச்.டி. என்று பெயர். விருந்தாளி வீட்டுக்காரரை அடிப்பது என்று எளிமையாகச் சொல்லலாம். முதல் சில வாரங்களில் வந்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து அரிக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது, கண் மஞ்சளாகும். மாதங்கள் கழித்து மெதுவாக வருவது வேறு மாதிரி. கண்ணில் ஈரம் வற்றி மணலை வாரி இறைத்ததுபோல உறுத்தும். தோல் இறுகும். சிலருக்கு நுரையீரல் கெடும். வாய் வெந்துபோய், ரசத்தில் மிதக்கும் ஒரு மிளகுகூடப் படமுடியாமல் தயிர்சாதத்திலேயே ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுபவர்கள் உண்டு. புற்றுநோய் இல்லை, ஆனால் வாழ்க்கை முன்போலவும் இல்லை. இந்த நிலையைப் பற்றி யாரும் முன்கூட்டியே போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் குறை.

இதை அடக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகள் தர வேண்டும். குறைத்தால் கிருமிகளும் பூஞ்சையும் உடம்பில் பதுங்கியிருந்த வைரஸ்களும் கிளம்பும். முழுதாக அடக்கிவிட்டாலோ மைலோமாவைத் தாக்கும் வேகமும் அடங்கிவிடும். மருத்துவர்கள் பிடிப்பது இந்த நூலிழையைத்தான்.

ஆரம்ப காலத்தில் இந்த இழை பலமுறை அறுந்தது. அமெரிக்காவில் 1990-களில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், முழு வீரியக் கீமோவுக்குப் பின் கொடையாளர் செல் பெற்ற 36 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர், 53 சதவீதம், முதல் ஆண்டிலேயே சிகிச்சையின் விளைவுகளால் இறந்தார்கள். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். ஆனால் ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கொடையாளர் செல் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். சொந்த செல் பெற்றவர்களிலும் அதே 39 தான். வித்தியாசம், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஆண்டுவாரியாக வரையும் கோட்டின் போக்கில் இருந்தது. சொந்த செல் கோடு இறங்கிக்கொண்டே போனது, கொடையாளர் கோடு ஒரு கட்டத்துக்குமேல் இறங்காமல் நின்றது. முதல் ஆண்டைத் தாண்டியவர்களில் சிலருக்கு நோய் திரும்பவே இல்லை. இந்தச் சிகிச்சையை மருத்துவர்களால் முழுதாகக் கைவிடவும் முடியாமல், மனதாரப் பரிந்துரைக்கவும் முடியாமல் போனது இதனால்தான்.

பிறகு வந்ததுதான் 'மினி' மாற்று. நோயைக் கொல்லும் வேலையைத் தம்பியின் படை பார்த்துக்கொள்ளும் என்றால், மஜ்ஜையை அடியோடு பொசுக்குவானேன்? புது செல்கள் வேர்பிடிக்க இடம் கொடுக்கும் அளவுக்கு லேசான மருந்தும் சிறிய கதிர்வீச்சும் போதும் என்று சியாட்டில் மருத்துவர்கள் காட்டினார்கள். இதனால் சிகிச்சையே உயிரைக் குடிப்பது வெகுவாகக் குறைந்தது. வயது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் கதவு திறந்தது. ஜி.வி.ஹெச்.டி. மட்டும் போகவில்லை.

தம்பி பொருந்துவது என்பது என்ன என்று இப்போது பார்த்துவிடுவோம், ஏனெனில் இங்கேதான் குழப்பம் அதிகம். ரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தேவையே இல்லை. பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற அடையாளங்களை. ஆறாவது குரோமோசோமில் கொத்தாக உட்கார்ந்திருக்கும் இவை அப்பாவிடமிருந்து ஒரு கொத்து, அம்மாவிடமிருந்து ஒரு கொத்து என்று நமக்கு வருகின்றன. ஒரு உடன்பிறப்பு இரண்டு கொத்திலும் ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்பு. அக்காவுக்கு மூன்று உடன்பிறப்புகள். கணக்குப் போட்டால் யாராவது ஒருவர் பொருந்த சுமார் 58 சதவீத வாய்ப்பு. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்றாகிவிட்ட காலத்தில் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம்மூருக்கே உரிய ஒரு விஷயம்: தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிய குடும்பங்களில் ஒரே கொத்து பல பேரிடம் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் பெற்றோர், சித்தப்பா மக்கள் என்று வட்டத்தை விரித்துத் தேடினாலும் சில வேளை பொருத்தம் கிடைக்கும். சொந்தத்தில் கட்டுவதற்கு மருத்துவர்கள் சொல்லும் ஒரே நல்ல வார்த்தை இதுவாகத்தான் இருக்கும்.

யாருமே பொருந்தாவிட்டால் பதிவேடுகளில் தேடலாம். சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி அப்படிப்பட்ட ஒன்று. கன்னத்தின் உட்புறம் பஞ்சால் ஒற்றியெடுத்துப் பதிவு செய்கிறார்கள். பாதி மட்டும் பொருந்தும் மகனோ மகளோ தருவதும் இன்று சாத்தியம். மாற்றுக்குப் பிந்தைய மூன்றாம், நாலாம் நாளில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுத்து, ஆவேசமாகக் கிளம்பும் டி செல்களைக் களையெடுக்கும் முறை அதற்குத் துணை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வளர்த்தெடுத்தது அது.

தம்பி வீட்டிலும் ஒரு கவலை ஓடிக்கொண்டிருக்கும். "முதுகுத்தண்டுல ஊசி போட்டு எடுப்பாங்களாமே, கை கால் விளங்காமப் போயிட்டா?" என்று அவர் மனைவி யாரிடமாவது கேட்டிருப்பார். முதுகுத்தண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'எலும்பு மஜ்ஜை' என்ற சொல் செய்த வேலை அந்தப் பயம். பெரும்பாலும் நடப்பது இது: நாலைந்து நாள் தோலுக்கடியில் ஒரு ஊசி. மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு இறக்கிவிடும் மருந்து. அந்த நாட்களில் காய்ச்சல் வந்ததுபோல இடுப்பும் எலும்பும் வலிக்கும், பாராசிட்டமால் போதும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், வேண்டியது மட்டும் பிரிந்து, மிச்சம் மறு கை வழியே திரும்பும். நாலைந்து மணி நேரம். பெரும்பாலானவர்கள் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம். கொடுத்த செல்களை உடம்பு தானாக ஈடுகட்டிக்கொள்ளும்.

அந்தப் பையைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. வெளிறிய தக்காளி நிறத்தில் ஒரு சின்னப் பை. ரத்தம் ஏற்றுவதுபோலவே கம்பியில் மாட்டி, கழுத்துக்குக் கீழே போட்டிருக்கும் குழாய் வழியே இறக்குவார்கள். இதற்கா இத்தனை நாள் பேசினோம் என்று வெளியே நிற்பவர்களுக்குச் சப்பென்று போய்விடும். அறுவை சிகிச்சை எதுவும் கிடையாது. செல்களை எலும்புக்குள் யாரும் கொண்டுபோய் வைப்பதும் இல்லை. மஜ்ஜை விடும் வேதிச் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு அவை தாமாகவே வீடு கண்டுபிடித்துப் போகும். அந்த நாளைப் பூஜ்யம் என்று குறித்து அங்கிருந்து நாளை எண்ணுவார்கள். இரண்டு மூன்று வாரங்களில் வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் 500-ஐத் தாண்டி மூன்று நாள் நிலைத்தால், வேர்பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு நடப்பவை விசித்திரமானவை. அக்காவின் ரத்த வகை மெல்ல மாறி தம்பியின் வகையாகிவிடும். அவர் ரத்தத்தை எடுத்துக் குரோமோசோம் பார்த்தால் ஆணின் எக்ஸ்-ஒய் தெரியும், கன்னத்தோலில் பார்த்தால் பழையபடி பெண்ணின் எக்ஸ்-எக்ஸ். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவெல்லாம் பழைய படையோடு அழிந்துபோயிருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து முத்தடுப்பு ஊசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் கைக்குழந்தைகளின் அட்டவணை.

சரி, நோய் திரும்பிவந்த அக்காவுக்கு இதைச் செய்யலாமா? இத்தாலிய மருத்துவர்கள் 2012-ல் வெளியிட்ட ஒரு ஆய்வைப் பார்ப்போம். சொந்த செல் மாற்றுக்குப் பின் மைலோமா திரும்பிய 169 பேரை எடுத்து, கொடையாளர் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் கொடையாளர் உள்ள பக்கத்தில் 42 சதவீதம், இல்லாத பக்கத்தில் 18. அடடா என்று தோன்றும். ஆனால் உயிரோடு இருந்தவர்கள்? 54, 53. ஏறக்குறைய ஒன்றேதான். நோயால் அல்லாமல் சிகிச்சை தொடர்பான காரணங்களால் இறந்தவர்கள் ஒரு பக்கம் 22 சதவீதம், மறுபக்கம் 1. நோயிடம் சம்பாதித்ததைச் சிகிச்சையிடம் செலவழித்துவிட்டார்கள். டாக்டர் தயங்குவதன் கணக்கு மொத்தமும் இந்த ஆறு எண்களில் இருக்கிறது.

அதனால் எல்லோருக்கும் இது இல்லை. 2015-ல் அமெரிக்க, ஐரோப்பிய, சர்வதேச நிபுணர் குழுக்கள் சேர்ந்து சொன்னது இது: முதல் சிகிச்சைக்குப் பின் 24 மாதத்துக்குள் நோய் திரும்பியவர்கள், அல்லது நோய்க்கே மூர்க்கமான மரபணு மாற்றம் இருப்பவர்கள், உடல் தாங்குமானால் யோசிக்கலாம், முடிந்தவரை மருத்துவ ஆய்வு ஒன்றின் பகுதியாக. பதினான்கு மாதத்தில் திரும்பிய நம் அக்கா இந்த வரம்புக்குள் வருகிறார். ஆனால் நேரே மாற்றுக்குப் போக முடியாது. எம் ஸ்பைக் ஏறிக்கொண்டிருக்கும்போது செய்தால் தம்பியின் படை நிலைகொள்வதற்குள் நோய் முந்திவிடும். முதலில் புதிய மருந்துகளால் நோயைத் தரைமட்டமாக்கிவிட்டு, அந்த இடைவெளியில் செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயமும் டாக்டர் சொல்வார். 2015-க்குப் பின் காட்சி மாறிவிட்டது. டாராடுமுமாப் போன்ற ஊசிகள் வந்தன. 2021-லும் 2022-லும் அமெரிக்காவில் மைலோமாவுக்கான கார்-டி சிகிச்சைகள் இரண்டு அனுமதி பெற்றன. நோயாளியின் சொந்த டி செல்லையே வெளியே எடுத்து, மைலோமா செல்லை அடையாளம் காணும்படி மரபணுவில் பயிற்றித் திருப்பி அனுப்புவது அது. தம்பியின் படையிடம் நாம் எதிர்பார்த்த அதே வேலை, தோலையும் குடலையும் தாக்கும் தொல்லை இல்லாமல். அதற்கென்று வேறு தொல்லைகள் உண்டு. முதல் ஆய்வில் பல மருந்துகளும் கைவிட்ட 97 பேர், அந்த இரண்டில் ஒன்றான சில்டா-செல் பெற்றார்கள். அவர்களில் 32 பேர் ஐந்து ஆண்டுக்கும் மேலாக வேறு சிகிச்சையின்றி, நோய் முன்னேறாமல் இருந்தார்கள். இதைப் பார்த்தபின் மேலைநாடுகளில் கொடையாளர் மாற்று வரிசையில் பின்னுக்குப் போனதில் ஆச்சரியமில்லை. விலையையும் சொல்லிவிட வேண்டும். அறிமுகமானபோது அதற்கு வைத்த விலை 4,65,000 டாலர். தம்பியின் செல் என்ற பேச்சு நம் பக்கத்தில் ஏன் இன்னும் ஓயவில்லை என்பது அந்த எண்ணைப் பார்த்தால் விளங்கும்.

ஆகவே தம்பியின் ரிப்போர்ட் வந்த அன்று தேதி குறித்துவிட மாட்டார்கள். நோய் எவ்வளவு மூர்க்கம், சிறுநீரகமும் இதயமும் தாங்குமா, புது மருந்துக்கு எம் ஸ்பைக் எப்படி இறங்குகிறது, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடெடுத்துத் தங்க ஆள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். இந்தக் கடைசிக் கேள்வியை அற்பமாக நினைக்காதீர்கள். முதல் நூறு நாளில் நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வார்டுக்கு வந்துசேர வேண்டியிருக்கும்.

எச்.எல்.ஏ. அடையாளம் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க மாறாது. ஒருமுறை பார்த்த ரிப்போர்ட் எத்தனை வருடம் கழித்தும் பயன்படும். தம்பியின் தாளை அக்காவின் ஃபைலிலேயே, எலெக்ட்ரோஃபோரசிஸ் படத்துக்குப் பின்னால் போட்டுவையுங்கள். ஒரு நகல் தம்பியிடமும் இருக்கட்டும்.